நேர்ந்துவிட்ட பெட்டி

பிரேமலதா சந்துக்குள் திரும்பியபோது அவள் வீட்டு ஸ்பீக்கர் பெட்டி கழுத்தில் மாலையோடு எதிரே வந்துகொண்டிருந்தது.

பெட்டிக்கு ஏது கழுத்து என்று கேட்கக் கூடாது. மேல்மூலை இரண்டையும் சேர்த்து ஒரு ரோஜா மாலையைத் தொங்கவிட்டு, நடுவில் சந்தனமும் குங்குமமும் அப்பி, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் ஒரு மேளக்காரர். அவருக்கும் முன்னால், மேல்சட்டை இல்லாமல், வேட்டியை மடித்துக் கட்டி, ஆண்பிள்ளை பிறந்த வீட்டுக்காரன் மாதிரிப் பல்லெல்லாம் தெரிய அவள் புருஷன் பேச்சிராஜா. தாராவியில் அந்தச் சந்து எப்படிப்பட்டது என்றால், எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு சுவராக வேண்டும். பிரேமலதா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பெட்டி அவள் மூக்கை உரசாத குறையாகக் கடந்துபோனது.

"நேர்ச்ச, பிரேமா!" என்று பேச்சிராஜா அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னான். "ஒனக்குக் காது திறந்துட்டா பெட்டிய அம்மனுக்குக் குடுத்துருதேன்னு நேந்திருந்தேன். ஒங்கிட்ட சொல்லல. சொன்னா பலிக்காதுல்லா!"

அவளுக்கு இப்போது உதட்டைப் பார்க்க வேண்டிய அவசியம் பாதிதான். காதுக்குப் பின்னால் மெஷின் இருந்தது. பரேலில் பெரிய ஆஸ்பத்திரியில், காது கேட்கப் பழகும் வகுப்புக்குப் போய்விட்டுத்தான் அவள் வந்துகொண்டிருந்தாள். மேளம் அவளுக்குத் தகர டின்னைத் தட்டுவதுபோல் கேட்டது. புருஷன் குரல் அவன் குரலாகவே கேட்டது.

பிரேமலதா வாய்க்குப் பேர்போனவள். அவள் வேலை பார்க்கும் பை தைக்கும் பட்டறையில் சேட்கூட அவளிடம் இரண்டடி தள்ளி நின்றுதான் கணக்குச் சொல்வார். ஆனால் சாமிக்குப் போகிற பொருளை நடுச்சந்தில் மறித்து, 'யாரைக் கேட்டுத் தூக்கினீங்க?' என்று கேட்க எந்த வாய்க்குத் துணிச்சல் வரும்? கையிலிருந்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மற்றவர்களைப் போல அவளும் கும்பிட்டாள். பெட்டி கண்ணை விட்டு மறைந்த பிறகும் கும்பிட்ட கையை அவள் இறக்கவில்லை. பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெட்டி வந்த கதையைச் சொல்லாவிட்டால் இந்தக் கை ஏன் இறங்கவில்லை என்று விளங்காது.

பேச்சிராஜா பகலில் ஏசி மெக்கானிக், சனி ஞாயிறில் கிதார்க்காரன். தாராவியில் கோயில் கொடைத் திருவிழா என்றாலும், கல்யாணில் வரவேற்பு, அம்பர்நாத்தில் காதுகுத்து என்றாலும் அவனுடைய ஆர்கெஸ்ட்ரா போகும். செம்பூரில் ஒரு ஹோட்டல் தன் சாயங்கால வாத்தியக் கோஷ்டியை நிறுத்திச் சாமான்களைத் தள்ளிவிட்டபோது, அவன் ஒரு வால்வு ஆம்பையும் அதன் பெட்டியையும் வாங்கி வந்தான். ஆம்ப் என்பது கிதார் சத்தத்தைப் பெருக்கும் கருவி, மேலே உட்காரும் தலை. உள்ளே கண்ணாடி வால்வுகள் சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும். பெட்டி என்பது கீழே நிற்கும் உடம்பு. நாலு ஸ்பீக்கர் வைத்தது, இடுப்பு உயரம். மற்ற வீடுகளில் பிரிட்ஜ் நிற்கும் இடத்தில் அந்த வீட்டில் இது நின்றது. ஆம்பின் தலையில் மாவு டப்பாவை வைத்ததற்காக அங்கே பேச்சுவார்த்தையே இல்லாமல் போன நாட்களும் உண்டு.

பிறகு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இரண்டு காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முப்பது வயதுகூட ஆகவில்லை அவளுக்கு.

அந்த முதல் வருஷம் யாரும் அவள் பக்கத்தில் போக முடியாது. அழமாட்டாள், எரிந்து விழுவாள். ஒருநாள் பேச்சிராஜா கட்டிலில் உட்கார்ந்து கிதாரில் சும்மா விரலை ஓட்டிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து அவள் கத்தினாள்: "செவிடி முன்னால வாசிக்கதும் பட்டினி கெடக்கவ முன்னால உக்காந்து பிரியாணி திங்கதும் ஒண்ணுதான்!" அவ்வளவுதான். பேச்சிராஜா கிதாரை உறையில் போட்டு ஆணியில் மாட்டினான். வெளியே கச்சேரி உண்டு; வீட்டில் ஒரு தந்திகூட அசையாது. அவன் அப்படித்தான். அவள் சொன்னால் சொன்னதுதான், ஏன் என்று கேட்கமாட்டான்.

ரொம்ப நாள் கழித்து, ஒரு லீவு நாளில், மறுநாள் கச்சேரிக்காகத் தந்தி மாற்றிவிட்டு ஆம்பில் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தான். அவள் குழாயடியில் இருக்கிறாள் என்று நினைப்பு. அவளோ எப்போதோ உள்ளே வந்து, கட்டில் முழுக்க ஒயராகக் கிடந்ததால் தரையில் உட்கார்ந்து, பெட்டியில் முதுகைச் சாய்த்து வெங்காயம் உரிக்கத் தொடங்கியிருந்தாள்.

முதலில் இடுப்பில் ஏதோ ஊர்ந்தது. எறும்பு என்று தட்டிவிட்டாள். பிறகு அது முதுகெலும்பில் ஏறி, தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில் வந்து நின்று அதிர்ந்தது. கனத்த தந்தி கீழே, மெல்லிய தந்தி மேலே. போகிறது, திரும்புகிறது, ஓர் இடத்தில் தயங்குகிறது. அந்தத் தயக்கம் அவளுக்குத் தெரியும். அவர்கள் கல்யாண வரவேற்பில் கிதாருக்கு ஆள் வராமல் போய், மாப்பிள்ளையே மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மேடையேறி வாசித்த பாட்டு அது. சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவள் மட்டும் மணமேடையில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டு இப்போது முதுகு வழியாக வந்தது. அவள் அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கேட்டால் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். 'ஏங்க, எனக்குக் கேக்குது' என்று மூன்று சொல். ஆனால் பிரியாணி, பட்டினி என்று அத்தனை பேசியவள் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? வீம்பு. அவள் சொன்னது இதுதான்: "சும்மா இருக்கதுக்கு வாசிச்சுக்கிட்டு இருங்க. எனக்கென்ன, கேக்கவா போகுது?"

அன்று முதல் சாயங்காலம் ஆனால் அவன் கட்டிலில், அவள் தரையில். பெட்டியில் சாய்ந்து, கண்ணை மூடி, மடியில் முறம். வாசல் வெளிச்சம் அங்கேதான் விழுகிறது, அதனால் அங்கே உட்காருகிறாள் என்று பேச்சிராஜா நினைத்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு வெங்காயம் உரிப்பவளுக்கு வெளிச்சம் எதற்கு என்று அந்த மனுஷனுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அந்த வீட்டில் வெங்காயச் செலவு கொஞ்சம் கூடுதல்தான். பத்துப் பன்னிரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

ஆபரேஷன் நடந்தது போன தீபாவளிக்குப் பிறகு. தோலுக்கடியில் ஒன்றை வைத்து, வெளியே காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் மெஷினைக் கொடுத்தார்கள். முதன்முதலில் மெஷினைப் போட்டுவிட்டபோது பேச்சிராஜா எதிரே குனிந்து "பிரேமா" என்றான். வாத்து கத்துவதுபோல் இருந்தது. அவள் சிரித்துவிட்டாள். வகுப்பில் சொல்லித்தரும் பெண், பொறுமையாக இருங்கள், பேச்சு சீக்கிரம் வரும், சங்கீதம் வர நாளாகும், சிலருக்கு வராமலும் போகலாம் என்றாள். வாத்து மெல்ல மெல்ல மனுஷனாக மாறியது. ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே அவன், "துண்டு எங்கட்டி?" என்றான். அவள் அடுப்பைப் பார்த்தபடி, திரும்பாமலே, "கொடியில கெடக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. பேச்சிராஜா வாயில் நுரையோடு நின்று அழுதான்.

அந்த நாளைத்தான் அவன் காது திறந்த நாளாக எடுத்துக்கொண்டான். நேர்ச்சை கொடுக்க வேண்டிய நாளாகவும்.

மற்றவர்கள் வெள்ளியில் காது செய்து உண்டியலில் போடுவார்கள். அம்மனிடம் அப்படி எத்தனையோ வெள்ளிக் காது இருக்கிறது, இல்லாதது நல்ல பெட்டி ஒன்றுதான் என்பது அவன் கணக்கு. கொடைக்குக் கொடை வாடகைக் குழாய் ஸ்பீக்கரில் கமிட்டிக்காரர்கள் கத்துவதைக் கேட்டுக் காது புளித்த கிதார்க்காரன் அவன். வீட்டிலேயே பெரிய பொருள், தனக்குப் பிரியமான பொருள். அதைக் கொடுத்தால்தான் கொடுத்த மாதிரி. அவளைக் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. பெட்டிக்கும் அவளுக்கும் என்ன?

அவனுக்குத் தெரியாதது ஒன்று. மெஷின் வந்த பிறகும் சாயங்காலத்தில் அவன் கிதாரை எடுத்தால், தலை பாரமாக இருக்கிறது என்று சொல்லி அவள் மெஷினைக் கழற்றி வைத்துவிடுவாள். கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியில் சாய்வாள்.

பெட்டி போன அன்று சாயங்காலம் அந்த மூலையில் தரை மட்டும் வேறு நிறமாகக் கிடந்தது. ஆம்ப் கட்டிலுக்கடியில் போயிற்று. பெட்டி இல்லாமல் அந்த மாதிரி ஆம்பை ஓட்டக் கூடாது. ஓட்டினால் உள்ளே டிரான்ஸ்பார்மர் எரிந்துவிடும்.

"இனிமே எதுல வாசிப்பீங்க?" என்று அவள் கேட்டாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"அதுக்கெல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேம்லா. ஞாயித்துக்கிழம ஆதித்யன் வாரான். ஆம்போட சத்தத்த அப்படியே போன்ல புடிச்சுக் குடுத்துருவான். போன்லேருந்து நேரா ஒன் மெஷினுக்கு வரும். நடுவுல காத்து கெடையாது, சந்துச் சத்தம் கெடையாது. பெட்டி ஊருக்கு வாசிக்கதுக்கு. இது ஒனக்கு மட்டும்."

சொல்லும்போது அவன் முகம் பளபளவென்று இருந்தது. இத்தனை வருஷமாக அவளுக்குக் கேட்காமல் வாசித்ததையெல்லாம் சேர்த்து வாசித்துவிடப் போகிறவன் மாதிரி.

ஆதித்யன் மாட்டுங்காக்காரன். மளிகை மண்டி வைத்த குடும்பம்; இவன் மட்டும் விளம்பரங்களுக்குச் சத்தம் சேர்க்கும் வேலைக்குப் போய்விட்டான். கச்சேரிகளில் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லேப்டாப்போடும் சாப்பாட்டுத் தூக்கு அளவில் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டியோடும் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"இதாக்கா லோட் பாக்ஸ்," என்று இரும்புப் பெட்டியைத் தட்டிக் காட்டினான். "ஆம்ப் பின்னாடி ஸ்பீக்கர் ஒயர் சொருகுற எடத்துல இத சொருகிடுவேன். ஸ்பீக்கர் மாதிரியே ஆக்டிங் குடுக்கும். கீழ பெட்டி இருக்குன்னு ஆம்ப் நம்பிடும். எரியாது. பிந்தாஸ், பயமில்லாம ஃபுல்லா வைக்கலாம்."

"அப்ப சத்தம்?" என்றாள் பிரேமலதா.

"சத்தமே வராது. லேப்டாப்புக்கு மட்டும் கொஞ்சம் போகும்."

"மிச்சம் எங்க போகும்?"

ஆதித்யன் சிரித்தான். "சூடா போயிடும்க்கா. பெட்டிய தொட்டுப் பாருங்க அப்பறம், தெரியும்."

அவன் செய்த காரியம் இதுதான். கிதாருக்குப் பதிலாக லேப்டாப்பிலிருந்து ஒரு சத்தம் ஆம்புக்குள் போகும். கீச்சென்றும் உர்ரென்றும் மழை கொட்டுவது மாதிரியும் கட்டையால் அடிப்பது மாதிரியும் சில நிமிஷம் போகும். ஆம்ப் அதை என்னவாக்கி வெளியே தள்ளுகிறதோ, அதை லேப்டாப் திரும்ப வாங்கிக்கொள்ளும். போனதையும் வந்ததையும் வைத்து அந்த ஆம்பின் குணத்தைப் படித்துக்கொள்ளும். பிறகு ஆம்பே வேண்டாம். கிதாரைப் போனில் சொருகித் தட்டினால் போதும்.

பேச்சிராஜா தான் எப்போதும் வைக்கிற மாதிரி திருகுகளை வைத்தான். ஆதித்யன் பொத்தானை அமுக்கினான். கண்ணாடி வால்வுகள் கனன்றன. மைக் என்று ஒன்று அங்கே கிடையாது, யார் பேசினாலும் ஒன்றும் கெடப்போவதில்லை. ஆனாலும் ஆண்பிள்ளை இரண்டு பேரும் பழக்கதோஷத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆம்ப் கதறிக்கொண்டிருக்கிறது என்று லேப்டாப்பில் கோடுகள் சொல்லின. அறையில் ஒரு சத்தமும் இல்லை. நல்ல காது உள்ளவர்கள் இரண்டு பேர், அவளைப் போலவே, ஒன்றும் கேட்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரேமலதா ஆம்பின் மேல் கையை வைத்தாள். மாவு டப்பா வைக்கும் இடத்தில். உள்ளே எங்கோ ஆழத்தில் மெலிதாக ஒரு நடுக்கம் இருந்தது. பிறகு இரும்புப் பெட்டியைத் தொட்டாள். இட்லிச் சட்டி மூடி மாதிரிச் சுட்டது. இவ்வளவும் முதுகுக்கு வந்திருக்க வேண்டியது என்று நினைத்தாள்; சுட்ட கையை எடுக்கவில்லை.

எல்லாம் முடிந்து ஆதித்யன் முதலில் போட்டுக் காட்டியது பாட்டிலுக்குள் மாட்டிய வண்டு மாதிரி இருந்தது. "இது ஆம்ப் மட்டும். பெட்டி இல்லேன்னா இப்படித்தான். இப்ப பாருங்க," என்று எதையோ தட்டினான். பேச்சிராஜாவின் முகம் மலர்ந்தது. "வெளிநாட்டுல ஒருத்தன் அவனோட பெட்டிக்கு முன்னாடி மைக் வச்சு எடுத்தது. அத இதுக்குப் பின்னாடி சேத்துட்டேன்."

"யாரோ ஒருத்தன் பெட்டியா?" என்றாள் அவள். "நம்ம பெட்டியையே புடிச்சிருக்கலாமே."

"உங்க பெட்டிதான் கோயிலுக்குப் போயிடுச்சேக்கா. அதுவும் ஃபுல் சத்தத்துல வச்சு எடுக்கணும். இந்தச் சந்துல முடியற காரியமா?" அவன் சொன்னதில் தப்பில்லை. யார் சொன்னதிலும் செய்ததிலும் தப்பே இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

ஆதித்யன் போனையும் அவள் மெஷினையும் இணைத்தான். பேச்சிராஜா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். அந்தப் பாட்டைத்தான் எடுப்பான் என்று அவளுக்குத் தெரியும், அதைத்தான் எடுத்தான்.

அலுமினியப் பாத்திரத்தைக் கம்பி நாரால் தேய்ப்பதுபோல் இருந்தது. மேலே தேய்த்தான், கீழே தேய்த்தான். எது கனத்த தந்தி எது மெல்லிய தந்தி என்று பிரிக்க முடியவில்லை. அந்தத் தயக்கம் வர வேண்டிய இடத்தில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அங்கேயும் தேய்ப்புதான்.

"கேக்குதா பிரேமா?"

"கேக்குது."

"எப்படிட்டி இருக்கு?"

வாத்துக் கத்தலை நாள் நாளாகப் பழக்கி மனுஷக் குரலாக்கியவன், ஒரு வார்த்தைக்காக வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். பொய் சொல்லத் தெரியாதவள் என்று பேர் வாங்கிய பொம்பளை அவள். "நல்லா இருக்கு," என்றாள். "அப்படியே இருக்கு." பேச்சிராஜா ஆதித்யனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு சாயங்காலம் தவறாமல் அவன் வாசித்தான். முன்பு அரைமணி வாசித்தவன் இப்போது விளக்கு வைத்த பிறகும் விடவில்லை. சந்துக்குச் சத்தம் இல்லை, அவனுக்குக் காதில் ஹெட்போன், அவளுக்குக் காதில் மெஷின். அவள் பழைய இடத்தில், சுவரில் சாய்ந்து உட்காருவாள். சிமெண்டுச் சுவர் சில்லென்று இருக்கும். சிரித்த முகமாக இருக்க வேண்டும். நடுவில் தலையாட்ட வேண்டும். முடிந்ததும், "அந்தக் கடைசிப் பாட்டு நல்லா இருந்துச்சு" என்று ஏதாவது சொல்ல வேண்டும். தலைவலி இப்போது நிஜமாகவே வந்தது. கூடவே இருந்துகொண்டே ஒருவனைப் பறிகொடுத்தது போன்ற துக்கம் அவளுக்கு. யாரிடம் போய்ச் சொல்வது? 'காது வந்த பிறகு எனக்குக் கேக்கல' என்றால் பைத்தியம் என்பார்கள்.

ஆடிக் கொடை வந்தது. மத்தியானக் கொடைக்கு முன்னால், கூட்டம் சேருவதற்குள் போய்ப் பெட்டியைக் கேட்டுவிடுவது என்று அவள் கிளம்பினாள். திருப்பிக்கூட வேண்டாம். சாயங்காலம் கொஞ்ச நேரம், அங்கேயே வைத்து அவனை வாசிக்கவிட்டால்கூடப் போதும்.

கோயில் வாசலில் தகரக் கொட்டகைக்குக் கீழே, தண்ணீர் தேங்காத மேட்டில் பெட்டி இருந்தது. ஓரத்துக் கட்டையில் மஞ்சள் பெயின்ட்டில் கொட்டையாக எழுதியிருந்தார்கள்: உபயம், பேச்சிராஜா, பிரேமலதா. மைக்கைப் பிடித்து, கொடைக்கு வரி கொடுத்தவர்கள் பெயரை வாசித்துக்கொண்டிருந்தார் கமிட்டித் தலைவர் பூதத்தான். அவளைப் பார்த்ததும் மைக்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார்.

"வா தாயி. காது எப்படி இருக்கு? நான் பேசுதது கேக்குதா?"

"கேக்குது அண்ணாச்சி."

"அம்மன் கண்ணத் தொறந்துட்டா பாத்தியா. ஒன் புருசன் இந்த எடத்துல நின்னுதான் நேந்தான். பெட்டிய எறக்கி வச்சப்போ அழுதுருவான்னு பாத்தேன். சிரிச்சுக்கிட்டுல்லா நின்னான். 'இத்தன வருசம் ஒரு செவத்துக்கு வாசிச்ச மாதிரி வாசிச்சேன் அண்ணாச்சி, இனிமே அவ கேப்பா'ன்னான்."

சுவருக்கா வாசித்தான்? அத்தனை வருஷமும் சுவருக்கு வாசிப்பதாக நினைத்துக்கொண்டா வாசித்தான்?

"அண்ணாச்சி, இந்தப் பெட்டிய…"

"என்ன தாயி?"

நேர்ந்துவிட்ட ஆட்டையே யாரும் திருப்பிக் கேட்பதில்லை. இது அவள் காதுக்கு நேர்ந்தது. வாங்கிப் போனால், கொடுத்த காதை அம்மனும் திருப்பி எடுத்துக்கொண்டால்? காது போகட்டும், பழகியதுதான். ஆனால் 'துண்டு எங்கட்டி' போய்விடும். 'பிரேமா' போய்விடும். அவன் குரலா, அவன் கிதாரா என்று தராசில் வைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

"மழத்தண்ணி படாமப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி," என்றாள்.

"அதெல்லாம் தார்ப்பா போட்டு வச்சிருக்கோம். நீ உக்காரு, சாப்புட்டுட்டுப் போ."

அவர் போனதும் அவள் மெஷினைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, பெட்டியோடு சாய்ந்து உட்கார்ந்தாள். உடம்புக்குத் தெரிந்த இடம். முதுகு தானாகப் போய்ப் பொருந்தியது. அதிர்ந்தது. யாரோ ஒருவர் யாருடைய பெயர்களையோ வாசிப்பது இடுப்புக்கு மேலே தட்தட்டென்று வந்தது. பேர், சிறு இடைவெளி, பேர், சிறு இடைவெளி. அவளுடைய பேரும் அதில் வந்திருக்கலாம். பெட்டிக்கு யாருடைய சத்தமாக இருந்தால் என்ன? அவளுக்குத்தான் அப்படி இல்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டாள். மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

அன்று பேச்சிராஜா அரைநாள் வேலையோடு வந்துவிட்டான். தலையைத் துவட்டினான், தேநீர் குடித்தான், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். "இன்னைக்குப் புதுசா ஒண்ணு வாசிக்கேன். மெஷின் கனெக்ட் ஆயிட்டா பாரு."

அவள் சுவர்ப்பக்கம் போகவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெஷினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். உலகம் பழையபடி அடங்கிப்போனது. கட்டிலில் ஏறி, அவனுக்குப் பின்னால் போய், அவன் முதுகில் தன் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

அவன் ஏதோ கேட்டான். என்ன கேட்டான் என்று தெரியாது. முதுகில் ஒரு முனகலாக வந்தது.

"வாசிங்க," என்றாள். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்றும் தெரியாது. "பெட்டியில நான் இப்படித்தான் சாஞ்சு இருப்பேன். நீங்க வாசிச்சது எல்லாம் எனக்குத் தெரியும். நீங்க செவத்துக்கு வாசிக்கல."

அவன் தொடங்கினான். கிதார் அவன் வயிற்றில் படிந்திருந்தது; வயிற்றைத் தாண்டி முதுகு வழியாக அவளுக்கு வந்தது நூலளவுதான். கனத்த தந்தி மட்டும் வந்தது, மெல்லியது வரவில்லை. ஆனால் வேறொன்று வந்தது. வாசிக்கும்போது அவன் உள்ளுக்குள் முனகிப் பாடுவான் என்பது இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரியாது. அந்தப் பாட்டுத்தான். தயங்க வேண்டிய இடம் வந்தது.

தயங்கினான். அப்புறம் அவன் பாட்டைத் தொடரவில்லை.

அவன் முதுகு குலுங்கத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு கட்டில் ஆடுகிற அளவுக்கு. அது எந்தப் பாட்டும் இல்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை; மெஷினையும் மாட்டவில்லை. சாய்ந்தபடியே, அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.